தேதி மாறும் கோடு எங்கே இருக்கிறது, அதை யார் போட்டது?

கேள்வி இதுதான்: "ஜனவரி 1 காலையில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் விமானம் ஏறிய நண்பர், ஹவாயின் ஹொனலூலுவில் டிசம்பர் 31 மாலையில் இறங்கியதாகச் சொல்கிறார். நடுவில் தேதி மாறும் கோடு ஒன்று இருக்கிறதாம். அந்தக் கோட்டை யார் போட்டது, வரைபடத்தில் அது ஏன் கோணல்மாணலாகப் போகிறது, அதைத் தாண்டினால் வயதில் ஒரு நாள் கூடுமா குறையுமா?"

வயதை முதலில் முடித்துவிடுகிறேன். கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. நண்பர் காலை 9 மணிக்கு ஏறினார், ஏறத்தாழ 9 மணி நேரம் பறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உடம்புக்கு 9 மணி நேரம்தான் கூடியிருக்கிறது. இறங்கியபோது ஆக்லாந்தில் ஜனவரி 1 மாலை 6 மணி. கோடைக்கால நேரம் அமலில் இருக்கும் அந்த மாதத்தில் ஹொனலூலு ஆக்லாந்தைவிட 23 மணி நேரம் பின்னால் இருக்கும். அதனால் அங்கே டிசம்பர் 31 மாலை 7 மணி. நண்பருக்குக் கிடைத்த லாபம், இன்னொரு முறை புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்கலாம் என்பது மட்டும்தான்.

யார் போட்டது என்ற கேள்விக்குத்தான் நிறுத்தி நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் 180 பாகைத் தீர்க்கக்கோட்டை ஒட்டிப் போவது சர்வதேச தேதிக்கோடு என்று படித்து, அதற்கு இரண்டு மதிப்பெண்ணும் வாங்கியிருப்போம். ஐநா மாதிரி ஏதோ ஒரு சபை கூடி, கையெழுத்துப் போட்டு, அந்தக் கோட்டை அறிவித்திருக்கும் என்பதுதான் பலருடைய எண்ணம். அப்படி ஒன்றுமே நடக்கவில்லை. அந்தக் கோட்டை இன்ன இடத்தில் போட வேண்டும் என்று நாடுகளைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவும் இன்றுவரை கிடையாது. ஒவ்வொரு நாடும் தன் மண்ணில் இன்று என்ன தேதி என்பதைத் தானே முடிவு செய்கிறது. நிலத்தைப் பங்கு பிரித்த பிறகு இரண்டு பங்குக்கும் நடுவில் வரப்பு விழுகிற மாதிரி, அந்த முடிவுகளுக்கு நடுவே விழுவதுதான் தேதிக்கோடு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கோணலுக்கெல்லாம் காரணம் தானாகப் புரியும்.

சரி, இப்படி ஒரு கோடு ஏன் வேண்டும்? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது, மணிக்கு 15 பாகை. 0 பாகைத் தீர்க்கக்கோடு போகும் லண்டனின் கிரீன்விச்சில் செவ்வாய்க்கிழமை நண்பகல் 12 மணி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மனதாலேயே கிழக்கே போங்கள். 90 பாகையில், அதாவது வங்கதேசம் பக்கம், செவ்வாய் மாலை 6. இன்னும் கிழக்கே 180 பாகைக்குப் போனால் செவ்வாய் முடிந்து புதன் பிறக்கும் நள்ளிரவு. இப்போது மறுபடி கிரீன்விச்சுக்கு வந்து மேற்கே கிளம்புங்கள். 90 பாகை மேற்கில், அமெரிக்காவின் நடுப்பகுதியில், செவ்வாய் காலை 6. இன்னும் மேற்கே 180 பாகைக்குப் போனால் திங்கள் முடிந்து செவ்வாய் பிறக்கும் நள்ளிரவு. இரண்டு வழியிலும் போய்ச் சேர்ந்தது ஒரே இடம். கடிகாரம் இரண்டு கணக்கிலும் 12 என்றே காட்டுகிறது, கிழமை மட்டும் ஒத்துப்போகவில்லை. பூமி உருண்டையாக இருக்கும்வரை இந்த ஒரு நாள் முரண்பாட்டை யாராலும் இல்லாமல் ஆக்க முடியாது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். உலகில் தேதி மாறும் இடங்கள் எப்போதும் இரண்டு. ஒன்று நள்ளிரவு ஓடிக்கொண்டிருக்கும் கோடு. அது நகரும் கோடு. நிலநடுக்கோட்டில் மணிக்கு ஏறத்தாழ 1,670 கி.மீ. வேகத்தில் மேற்கே போய்க்கொண்டே இருக்கிறது. அது நம் வீட்டைக் கடக்கும்போதுதான் நாட்காட்டித் தாளைக் கிழிக்கிறோம். இன்னொன்று பசிபிக் கடலில் நிலையாக நிற்கும் தேதிக்கோடு. நாம் அசையாமல் இருக்க, நள்ளிரவு நம்மைத் தாண்டினால் தேதி மாறுகிறது. தேதிக்கோடு அசையாமல் இருக்க, நாம் அதைத் தாண்டினாலும் தேதி மாறுகிறது. ஆசியப் பக்கமாக, அதாவது மேற்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாளைக் கூட்ட வேண்டும். அமெரிக்கப் பக்கமாக, கிழக்கு நோக்கித் தாண்டினால் ஒரு நாளைக் கழிக்க வேண்டும்.

இதை நம் ஊர் கடிகாரத்தை வைத்தே பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை மாலை 4 மணி, சென்னையில் பள்ளிக்கூடம் விடும் நேரம். அதே நொடியில் பசிபிக்கில் உள்ள கிரிட்டிமட்டி தீவில் புதன்கிழமை பிறந்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. அமெரிக்க சமோவாவிலோ இன்னும் திங்கள் இரவு 11.30. ஒரே நொடியில் பூமியில் மூன்று கிழமைகள். தினமும் நம் நேரப்படி பிற்பகல் 3.30 முதல் 4.30 வரை இப்படித்தான். ஆளில்லாத பேக்கர், ஹவ்லாண்ட் தீவுகளையும் கணக்கில் சேர்த்தால் 5.30 வரை நீளும். உலகம் முழுக்க ஒரே தேதி இருக்கும் நொடி ஒன்றாவது உண்டா என்றால், இன்றைய நேர மண்டலங்களின்படி அப்படி ஒரு நொடிகூட இல்லை. ஒரு தேதி பூமியில் எங்கோ பிறந்து எங்கோ மறைய மொத்தம் 50 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. ஜனவரி 1 என்பது நம் நேரப்படி டிசம்பர் 31 பிற்பகல் 3.30க்கே தொடங்கி, ஜனவரி 2 மாலை 5.30க்குத்தான் பூமியை விட்டுப் போகிறது.

இந்த முரண்பாட்டை மனிதர்கள் நேரில் சந்தித்த கதை 500 ஆண்டு பழையது. அதற்கும் முன்பே, 14ஆம் நூற்றாண்டில் சிரியாவின் புவியியல் அறிஞர் அபுல் ஃபிதா இதைக் கணக்காகவே சொல்லிவிட்டார். ஒருவர் கிழக்கே போய் உலகைச் சுற்றி வருகிறார், ஒருவர் மேற்கே போய்ச் சுற்றி வருகிறார், மூன்றாமவர் ஊரிலேயே இருக்கிறார். மூவரும் மறுபடி சந்தித்தால் ஆளுக்கு ஒரு கிழமை சொல்வார்கள் என்றார். அப்போது உலகைச் சுற்றிய மனிதர் யாரும் கிடையாது.

1519 செப்டம்பரில் மகெல்லன் தலைமையில் ஸ்பெயினிலிருந்து ஐந்து கப்பல்கள் கிளம்பின. மகெல்லன் பிலிப்பைன்ஸில் கொல்லப்பட்டார். கடைசியில் எல்கானோ தலைமையில் விக்டோரியா என்ற ஒரே கப்பல் மட்டும் ஆப்பிரிக்காவைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. 1522 ஜூலையில் சாப்பாட்டுக்கு வழியில்லாமல் போர்ச்சுக்கீசியர் வசம் இருந்த கேப் வெர்டே தீவில் ஒதுங்கினார்கள். அரிசி வாங்கக் கரைக்குப் போனவர்களிடம், இன்று என்ன கிழமை என்று கேட்டு வரச் சொல்லியிருந்தார்கள். வியாழன் என்று பதில் வந்தது. கப்பலின் கணக்கில் அன்று புதன். கப்பலில் இருந்த இத்தாலியர் அன்டோனியோ பிகாஃபெட்டா இதைக் கேட்டுத் திகைத்துப் போனார். காரணம், அவர் பயணம் முழுவதும் நோயில் படுக்காதவர், ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதியவர். எழுத மறந்த நாள் என்று ஒன்று இல்லவே இல்லை.

பிறகு விளக்கம் அவருக்கே புரிந்தது, எழுதியும் வைத்தார். அவர்கள் சூரியன் போகும் திசையிலேயே, மேற்கு நோக்கியே போனார்கள். அதனால் ஒவ்வொரு நாளும் சூரியன் அவர்கள் தலைக்கு மேலே வரக் கொஞ்சம் தாமதமானது. கணக்குப் போட்டால் சராசரியாக நாளுக்கு ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவு. அந்தக் காலத்துக் கப்பலில் அதை உணர ஒரு வழியும் இல்லை. ஆயிரம் நாளுக்கு மேல் சேர்ந்தபோது அதுவே ஒரு முழு நாளாகிவிட்டது. கரையில் இருந்தவர்களைவிட அவர்கள் ஒரு சூரிய உதயம் குறைவாகப் பார்த்திருந்தார்கள். பட்டினியும் நோயுமாக இருந்த ஒரு கப்பலில் தினமும் தவறாமல் எழுதிய ஒரு மனிதர் இருந்ததால்தான் அந்த ஒரு நாள் வித்தியாசம் நிச்சயமாகத் தெரியவந்தது. எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த ஆள் அவர்தான்.

அப்புறம் வந்த முந்நூறு ஆண்டுகளில் தேதி எப்படிப் பரவியது என்று பார்த்தால், யார் எந்தத் திசையிலிருந்து வந்தார்களோ அந்தத் திசையின் கிழமையையும் கையோடு கொண்டுவந்தார்கள். ஸ்பானியர்கள் 1565இல் மெக்சிகோவிலிருந்து மேற்கே கப்பலோட்டி பிலிப்பைன்ஸில் குடியேறினார்கள், அதனால் மணிலாவில் அமெரிக்கத் தேதி. போர்ச்சுக்கீசியர்கள் இந்தியா வழியாகக் கிழக்கே வந்து மக்காவ்வில் குடியேறினார்கள், அங்கே ஆசியத் தேதி. இரண்டும் அக்கம்பக்கத்து ஊர்கள், ஆனால் மணிலா ஒரு நாள் பின்னால். ஏறத்தாழ 280 ஆண்டுகள் இப்படியே ஓடியது. மெக்சிகோ விடுதலை பெற்று, மணிலாவின் வியாபாரம் சீனா பக்கமும் அதைச் சுற்றியுள்ள துறைமுகங்கள் பக்கமும் திரும்பிய பிறகு இது தாங்காது என்று ஆனது. ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா உத்தரவிட, 1844 டிசம்பர் 30 திங்கட்கிழமைக்கு அடுத்த நாள் 1845 ஜனவரி 1 புதன்கிழமை ஆனது. பிலிப்பைன்ஸில் 1844 டிசம்பர் 31 என்ற நாளே கிடையாது.

அலாஸ்காவில் இதற்கு நேர் எதிர். ரஷ்யர்கள் சைபீரியா வழியாகக் கிழக்கே போய் அதைப் பிடித்ததால் அங்கே ஆசியத் தேதி இருந்தது. 1867இல் 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது இரண்டு மாற்றம் சேர்ந்து நடந்தது. ரஷ்யாவின் பழைய ஜூலியன் நாட்காட்டி போய் கிரெகோரியன் வந்தது, கூடவே தேதிக்கோட்டின் பக்கமும் மாறியது. அங்கிருந்தவர்களுக்கு அக்டோபர் 6 வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 18 வெள்ளிக்கிழமை. தேதி பன்னிரண்டு தாண்டியது, கிழமை நகரவே இல்லை.

1884 அக்டோபரில் வாஷிங்டனில் 25 நாடுகள் கூடின. தேதிக்கோட்டை அந்த மாநாடுதான் போட்டது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள், அது சரியல்ல. அங்கே முடிவானது கிரீன்விச்தான் முதன்மைத் தீர்க்கக்கோடு என்பது. 22 நாடுகள் ஆதரித்தன, ஒன்று எதிர்த்தது, பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை. கிரீன்விச் 0 என்று ஆனதும் அதற்கு நேர் எதிரே 180 பாகை வந்தது, அது பெரும்பாலும் வெறும் கடலில் போகிறது, தேதி மாற அதைவிட வசதியான இடம் இல்லை. நிலத்தில் அது தொடுவதெல்லாம் ரஷ்யாவின் கிழக்கு முனையும் ரேங்கல் தீவும், பிஜியின் சில தீவுகள், அப்புறம் அண்டார்டிகா. பாரிஸையே முதன்மையாக வைத்திருந்தாலும் எதிர்க்கோடு இரண்டரைப் பாகைக்குள்தான் தள்ளிப் போயிருக்கும். நம் பழைய வானியலார்கள் உஜ்ஜயினி வழியாகப் போகும் கோட்டை முதன்மையாகக் கொண்டார்கள். அதற்கு எதிர்க்கோடு அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்குச் சற்றுக் கிழக்கே, மெக்சிகோவை வெட்டிக்கொண்டு போகும். ஆரியபட்டர் 5ஆம் நூற்றாண்டின் கடைசியில், உஜ்ஜயினிக் கோடு நிலநடுக்கோட்டைத் தொடும் இடமாக அவர்கள் வைத்துக்கொண்ட இலங்கையில் சூரியன் உதிக்கும்போது அதற்கு நேர் எதிரே உள்ள சித்தபுரத்தில் அஸ்தமனம், கிழக்கே யவகோடியில் நண்பகல், மேற்கே ரோமகத்தில் நள்ளிரவு என்று சொல்லியிருக்கிறார். இடத்துக்கு இடம் நாள் வேறு நேரத்தில் பிறக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

கடலில் போகும் கப்பல்களுக்கு மட்டும் 1917இல் பிரிட்டனும் பிரான்சும் சேர்ந்து நடத்திய மாநாட்டில் ஒரு முறை பரிந்துரைக்கப்பட்டது. ஆழ்கடலில் 180 பாகைதான் எல்லை, ஒரு நாட்டின் கடற்பகுதிக்குள் நுழைந்தால் அந்த நாட்டின் தேதி. மாலுமிகளுக்கு அது போதும். நிலத்தில் இருப்பவர்களை அது கட்டுப்படுத்தாது.

இப்போது கோணலுக்கு வருவோம். வடக்கே பெரிங் நீரிணையில் இரண்டு தீவுகள். பெரிய டயோமீட் ரஷ்யாவுடையது, சின்ன டயோமீட் அமெரிக்காவுடையது. இடைவெளி 4 கி.மீ. கூட இல்லை. தேதிக்கோடு அந்த இடைவெளிக்குள் புகுந்து போகிறது. சின்னத் தீவில் நூறு பேருக்கும் குறைவானவர்கள் வசிக்கும் ஒரு கிராமம் இருக்கிறது. அங்கே ஒருவர் வாசலில் நின்று எதிரே பார்த்தால் தெரிவது நாளைய தேதியில் உள்ள நிலம். கடிகார வித்தியாசம் 21 மணி நேரம், கோடைக்காலத்தில் 20. அதைத் தாண்டித் தெற்கே வந்ததும் கோடு மேற்கே வளைகிறது, அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கடைசித் தீவுவரை அமெரிக்கத் தேதியிலேயே இருக்க வேண்டும் என்பதற்காக.

பிஜியில் 180 பாகைக் கோடு தவெயூனி தீவின் குறுக்கே போகிறது. அங்கே ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு காலும் ஒரே தேதியில்தான் இருக்கும். பிஜி முழுவதற்கும் ஒரே தேதி என்று 1879லேயே பிரிட்டிஷ் ஆட்சி சட்டம் போட்டுவிட்டது. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகப்பட்ட நம் மக்கள் அங்கே போய் இறங்கியபோது, எந்தத் தீவில் வெள்ளிக்கிழமை விளக்கு ஏற்றுவது என்ற குழப்பம் அவர்களுக்கு வராமல் போனதற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம்.

சமோவா இந்தக் கோட்டை இரண்டு முறை தன் தலைக்கு மேலே தூக்கிப் போட்ட நாடு. தொடக்கத்தில் மிஷனரிகளும் தொடர்புகளும் சிட்னி வழியாக வந்ததால் ஆசியத் தேதி இருந்தது. பிறகு அமெரிக்க வணிகர்களின் கை ஓங்கியது. 1892இல் மன்னர் மலியெட்டோவா லௌபெபா அமெரிக்கப் பக்கம் மாறச் சம்மதித்தார். மாற்றத்துக்குத் தேர்ந்தெடுத்த நாள் அமெரிக்க விடுதலை நாளான ஜூலை 4. சமோவாவில் அந்தத் திங்கட்கிழமை இரண்டு முறை வந்தது. லீப் ஆண்டு வேறு, அதனால் அந்த வருடம் அவர்களுக்கு 367 நாள்.

நூறு வருடம் கழித்து வியாபாரம் திரும்பவும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் சாய்ந்தது. சமோவாக்காரர்கள் ஏராளமானோர் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், சரக்கும் பணமும் அங்கிருந்துதான் வருகிறது. சமோவாவில் வெள்ளிக்கிழமை அலுவலகம் திறந்திருக்கும்போது ஆக்லாந்தில் சனி. சமோவாவில் ஞாயிறு, எல்லாரும் தேவாலயத்தில் இருக்கும்போது சிட்னியில் திங்கள், அலுவலகங்கள் மும்முரமாக இருக்கும். வாரத்தில் இரண்டு வேலைநாள் வீணாகிறது என்று பிரதமர் துயிலயெபா சைலேலே மலியெலெகாவோய் சொன்னார், சட்டமும் கொண்டுவந்தார். 2011 டிசம்பர் 29 வியாழன் நள்ளிரவு 12 அடித்ததும் டிசம்பர் 31 சனிக்கிழமை பிறந்தது. டிசம்பர் 30 வெள்ளிக்கிழமை அங்கே வரவே இல்லை. வராத அந்த வெள்ளிக்கிழமைக்கும் தொழிலாளிகளுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது. அது ரொம்பச் சரியான முடிவு. நாட்காட்டியில் அரசு ஒரு நாளை எடுத்துவிட்டால் அதன் செலவு தினக்கூலி வாங்குகிறவர் தலையில் விழக்கூடாது. பக்கத்திலுள்ள டொகெலாவ் தீவுகளும் கூடவே மாறின.

ஆனால் அமெரிக்க சமோவா மாறவில்லை. அது அமெரிக்காவின் பகுதி, அதன் வியாபாரம் அந்தப் பக்கம். சமோவாவின் தலைநகர் அப்பியாவுக்கும் அமெரிக்க சமோவாவின் தலைநகர் பாகோ பாகோவுக்கும் இடையே தூரம் 100 கி.மீ.க்குச் சற்று அதிகம், சின்ன விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஒரே மொழி, ஒரே குடும்பங்கள், இங்கே அக்கா அங்கே தம்பி. நடுவில் ஒரு முழு நாள். ஒரே பிறந்தநாளை இரண்டு இடத்தில் இரண்டு முறை கொண்டாடலாம் என்று பிரதமரே சுற்றுலாவுக்கு அழைப்பு விடுத்தார். ஆனால் ஞாயிறு பூசைக்கும் துக்க வீட்டுக்கும் அடுத்த தீவுக்குப் போய்வருகிற குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் கிழமையை எண்ணிப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டியிருக்கிறது.

வரைபடத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கோணல் பசிபிக் தீவு நாடான கிரிபட்டிக்காக ஏற்பட்டது. கோடு அங்கே கிழக்கே 150 பாகை மேற்குத் தீர்க்கக்கோடுவரை பெரிய மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். பலர் அதைப் பார்த்து, புத்தாண்டை முதலில் வரவேற்கும் பெருமைக்காகவும் சுற்றுலாப் பணத்துக்காகவும் செய்த தந்திரம் என்று எழுதுகிறார்கள். 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது ஒரு தீவுக்கு மில்லேனியம் தீவு என்று பெயர் மாற்றியது உண்மைதான். ஆனால் அந்தப் பெருமைக்காகவே மாற்றினார்கள் என்று முடிப்பது அந்த மக்களுக்கு நியாயமில்லை. 1979இல் விடுதலை பெற்றபோது அந்த நாட்டுக்குக் கிடைத்தது கிழக்கு மேற்காக 4,000 கி.மீ.க்கும் மேல் சிதறிக் கிடக்கும் 33 தீவுகள். மொத்த நிலப்பரப்பு 811 சதுர கி.மீ. தான். தலைநகர் தாராவா கோட்டுக்கு இந்தப் பக்கம், ஃபீனிக்ஸ் தீவுகளும் லைன் தீவுகளும் அந்தப் பக்கம். தலைநகரில் திங்கள் காலை அலுவலகம் திறந்தால் கிழக்குத் தீவுகளில் ஞாயிறு. அங்கே வெள்ளி வேலை நடக்கும்போது தலைநகரில் சனி விடுமுறை. ஒரே நாட்டின் அரசு அலுவலகங்கள் வாரத்தில் நான்கு நாள்தான் ஒன்றோடொன்று பேச முடிந்தது. எந்த நாடு இதைச் சகித்துக்கொள்ளும்? 1995 பிறந்தபோது அதிபர் டெபுரோரோ டீட்டோவின் அரசு கிழக்குத் தீவுகள் ஒரு நாளைத் தாண்டிவிடும்படி செய்தது. அதற்காக அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. வரைபடம் அச்சடிப்பவர்கள்தான் கோட்டை மாற்றி வரைந்துகொண்டார்கள்.

அதன் விளைவை ஒரு இடத்தில் வைத்துப் பாருங்கள். கிரிபட்டியின் கிழக்குத் தீவுகளில் ஒன்றான கிரிட்டிமட்டி ஹொனலூலுவுக்கு ஏறத்தாழ நேர் தெற்கே, 2,000 கி.மீ. சொச்சம் தூரத்தில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் சூரியன் ஒரே நேரத்தில்தான் உச்சிக்கு வரும், கடிகாரமும் ஒரே மணி காட்டும். ஹொனலூலுவில் சனி காலை 10 என்றால் கிரிட்டிமட்டியில் ஞாயிறு காலை 10. கிழக்கிலும் போகாமல் மேற்கிலும் போகாமல், தெற்கே மட்டும் பறந்து ஒரு முழு நாளைத் தாண்டலாம். தேதிக்கோடு சூரியனின் கணக்கு அல்ல, நாடுகளின் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அரசாங்கம் கிழமையை மாற்றிவிடலாம். ஆனால் வாரத்தில் ஒரு நாள் புனிதமானது என்று நம்புகிறவர்கள் என்ன செய்வது? 1940இல் லிதுவேனியாவிலிருந்த ஜப்பானியத் துணைத் தூதர் சியூனே சுகிஹாரா கொடுத்த விசாக்களால் உயிர் தப்பிய யூதர்கள் பலர் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் வேதம் படிக்கும் மாணவர்கள் நிறைய. 1941இல் புதன்கிழமை வரவிருந்த யோம் கிப்பூர் நோன்பு நெருங்கியது, அவர்களுக்கு ஆண்டின் மிகப் புனிதமான நாள். யூத நெறிப்படி தேதி மாறும் கோடு எங்கே இருக்கிறது, ஜப்பானில் புதன் உண்மையில் புதன்தானா என்று தந்தி அடித்துக் கேட்டார்கள். எருசலேமில் கூடிய ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், ஜப்பானியர் எண்ணும் புதன்கிழமையிலேயே நோன்பு இருங்கள் என்றார்கள். ஹசோன் இஷ் என்று அறியப்பட்ட இன்னொரு ரபியான அவ்ரஹாம் கரேலிட்ஸோ, கோடு எருசலேமிலிருந்து கிழக்கே 90 பாகையில் இருக்கிறது, ஜப்பான் அதற்கு அப்பால் இருக்கிறது, ஆகவே அங்கே வியாழன்தான் நோன்பு நாள், புதன்கிழமை சாப்பிடுங்கள் என்றார். இரண்டு நாளும் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவர்களும் உண்டு. போரில் வீட்டையும் உறவையும் இழந்து அந்நிய நாட்டில் நின்றவர்கள், எந்த நாள் சரியான நாள் என்பதற்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. டோங்காவிலும் சமோவாவிலும் சனிக்கிழமை ஓய்வுநாள் கொள்ளும் அட்வென்டிஸ்ட் திருச்சபைக்கு இதே சிக்கல் வந்தது. டோங்கா 180 பாகைக்குக் கிழக்கே இருந்தும் ஆசியத் தேதி கொள்ளும் பசிபிக் நாடு. அங்கே அவர்கள் 180 பாகையைத்தான் உண்மையான கோடாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால் நாட்டின் நாட்காட்டி ஞாயிறு என்று சொல்லும் நாளில் கூடுகிறார்கள்.

நம் பஞ்சாங்கக் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது, திதியோ வானத்தில் சந்திரனும் சூரியனும் இருக்கும் நிலை. அமாவாசை முடியும் நொடி உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், அதற்கு ஒவ்வொரு ஊரும் எழுதும் தேதி வேறு. அதனால் சென்னையில் அச்சான பஞ்சாங்கத்தில் இருக்கும் தேதியை அப்படியே எடுத்து சான் பிரான்சிஸ்கோவிலோ ஆக்லாந்திலோ விரதம் இருந்தால் ஒரு நாள் தவற வாய்ப்பு இருக்கிறது. அந்தந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள்.

கணினிகளுக்கும் இந்தக் கோடு தொல்லை கொடுத்திருக்கிறது. 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானங்கள் ஹவாயிலிருந்து ஜப்பானின் ஒகினாவாவுக்குப் பறந்தன. 180 பாகையைத் தாண்டியதும் அவற்றின் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. அன்று வானம் தெளிவாக இருந்தது, எரிபொருள் நிரப்பும் விமானங்கள் கூடவே இருந்தன. அவற்றைப் பின்தொடர்ந்துதான் ஹவாய் திரும்பினார்கள். மென்பொருளில் இருந்த பிழையைத் திருத்திய பிறகே மறுபடி கிளம்பினார்கள்.

உங்கள் நண்பர் மறுபடி அந்தப் பக்கம் போகும்போது கோடு எங்கே வளைகிறது என்று வரைபடத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். பழைய அட்லஸ்களில் 1995க்கு முந்தைய கோடே இருக்கும், சிலவற்றில் நேர்கோடே இருக்கும். போகும் ஊர் கிரீன்விச் நேரத்துக்கு எத்தனை மணி முன்னால் அல்லது பின்னால் என்று மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியா ஐந்தரை மணி முன்னால், ஹொனலூலு பத்து மணி பின்னால், கூட்டினால் பதினைந்தரை மணி. நம் கடிகாரத்தில் அதைக் கழித்தால் அங்குள்ள மணியும் தேதியும் இரண்டும் கிடைத்துவிடும். சமோவா பதின்மூன்று மணி முன்னால், அதற்கு நம் நேரத்தோடு ஏழரை மணி கூட்ட வேண்டும். அமெரிக்க சமோவா பதினொரு மணி பின்னால், அதற்குப் பதினாறரை மணி கழிக்க வேண்டும். விமானச் சீட்டில் எப்போதும் அந்தந்த ஊரின் தேதிதான் இருக்கும், ஆகவே ஹோட்டல் முன்பதிவை இறங்கும் ஊரின் தேதிக்குப் போடச் சொல்லுங்கள். ஆக்லாந்தில் ஏறிய தேதிக்குப் போட்டால் அன்று இரவு அவருக்கு அறை இருக்காது.